ஜப்பான் ஏக்கம்

தென்னிந்திய நிப்பான் கான சபாவுக்கு ஒரே ஒரு குறைதான் இருந்தது. அதன் செயலாளருக்குப் பாட்டுக் கேட்டால் ஒன்றும் ஆவதில்லை.

மற்றபடி எல்லாம் இருந்தது. அடையாறில் சொந்தக் கட்டடம், குளிர்சாதன அரங்கம், ஆண்டு மலர், இரண்டு கோஷ்டிகள், ஒரு வழக்கு, ஒரு கேன்டீன். 1980-களில் ஜப்பானியர்கள் கார் ஓட்டிக்கொண்டே கேட்டுவிட்டு மறந்துபோன பாட்டுகளை 2036-ல் சென்னையில் தொடையில் தாளம் போட்டுக் கேட்பது பண்பாடு என்று ஆகியிருந்தது. யாரும் தேர்ந்தெடுத்ததல்ல. ஏதோ ஒரு வாரம் எல்லோருடைய செல்போனும் தானாக அந்தப் பாட்டுகளைப் போட ஆரம்பித்தது. அடுத்த வாரம் எல்லோரும் தாங்கள் போயிராத டோக்கியோவை நினைத்துப் பெருமூச்சு விட்டார்கள். அதற்கடுத்த வருடம் காரியக் கமிட்டி வந்துவிட்டது.

ரேய்கோ மினாசே என்ற பாடகி இங்கே மினாசே அம்மாள். அவர் 1986-ல் பாடிய 'புதினா நிறக் கடற்கரைச் சாலை' சபா வழக்கில் வெறும் புதினா. "அம்மாளோட புதினாவக் கேட்டப்புறம் சோறு எறங்கல சார்" என்று சொல்லிவிட்டு, கேன்டீனில் இரண்டாவது ரவா தோசைக்கு டோக்கன் வாங்குவார்கள்.

பெருமூச்சுகளில் போலி மலிந்துவிட்டதால் சபா உருக்கமானி ஒன்றை வாங்கியது. வளையல் மாதிரி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டால், கேட்பவர் உண்மையில் எவ்வளவு உருகுகிறார் என்பதை நூற்றுக்கு இவ்வளவு என்று மேடைத் திரையில் காட்டும். செயலாளர் கோ. பொன்னம்பலவாணன் முதல் ஆளாக மாட்டிக்கொண்டார். லிஃப்ட் கம்பெனி முதலாளி. 'ரசிக சிகாமணி' பட்டம் பெற்றவர். மினாசே அம்மாளைப் பற்றித் தலையணை கனத்துக்கு ஆய்வு நூல் எழுதியவர். புதினா ஓடியது. கண்ணை மூடினார். தலையை ஆட்டினார். பல்லவி திரும்பும் இடத்தில் 'ஆஹா' என்றார். திரை 7 என்றது. கருவியில் கோளாறோ என்று கேன்டீன் சமையல்காரரைக் கூப்பிட்டு மாட்டினார்கள். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர். 12.

அன்றிலிருந்து எதிர்க்கோஷ்டி அவரை ஏழுமலை என்று அழைத்தது.

இந்த நிலையில்தான், எண்பதுகளில் ஜப்பான் மண்ணை மிதித்த தமிழர் ஒருவர் பெரம்பூரில் உயிரோடு இருக்கிறார் என்று தெரியவந்து, பொன்னாடை போர்த்த அழைத்தார்கள். எத்திராஜுலு வந்தார். எழுபத்தைந்து வயது, இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை. ஹமாமட்சு என்ற ஊரில் ஒரு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில் இரண்டு வருடம் பயிற்சி பெற்றவர். பக்கத்தில் மனைவி சற்குணம், ஓய்வு பெற்ற தமிழாசிரியை. எதிரே யார் உட்கார்ந்திருந்தாலும் ஒற்று மிகுமா மிகாதா என்று கேட்டுவிடுவார் போன்ற முகம்.

"தாங்கள் அம்மாளின் குரலை அந்தப் புண்ணிய பூமியிலேயே செவிமடுத்தீர்கள் அல்லவா?" என்றார் பொன்னம்பலவாணன்.

"ஹாஸ்டல்ல ஒரு ரேடியோ இருந்திச்சி சார். யாரோ போடுவாங்க. குளிர்ல ஜன்னலத் தெறக்க முடியாது, எங்க போவ முடியும்? கேட்டுத்தான ஆவணும்."

வளையலை மாட்டிப் புதினாவைப் போட்டார்கள். எத்திராஜுலு தலையை ஆட்டவில்லை. ஆஹா சொல்லவில்லை. பொன்னாடையின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். திரையில் எண் ஏறி 96-ல் நின்றது. கூட்டம் எழுந்து கைதட்டியது. இரண்டு பேர் மட்டும் தட்டவில்லை. ஒருவர் பொன்னம்பலவாணன். இன்னொருவர் சற்குணம்.

அந்த வாரமே செயலாளரின் கார் பெரம்பூர் சந்துக்குள் நுழைய முடியாமல் முனையில் நின்றது. கூட ஒரு டாக்டரும் இறங்கினார். பெயர் பிலோமினா. மூளை நரம்பு நிபுணர்; சுற்றி வளைக்காமல் பேசுகிறவர்.

"பாட்டக் கேட்டா நெஞ்சு கனக்குதுல்ல, அந்தக் கனம் பாட்டுல இல்ல மேடம். பாட்டு வெறும் சாவி. கனம் மூளைல ஒரு எடத்துல உக்காந்திருக்கு. அத நாங்க நாத்து பிடுங்கற மாதிரி பிடுங்கி இன்னொருத்தர்கிட்ட நட்டுடுவோம். நடவுன்னே பேரு."

"பிடுங்கின எடம்?" என்றார் சற்குணம்.

"காலியாயிடும். ஞாபகம் எல்லாம் அப்படியே இருக்கும். ஹமாமட்சு, ஹாஸ்டல், ரேடியோ, ஒண்ணும் போகாது. கனம் மட்டும் இருக்காது."

"கலைக்காக ஒரு தியாகம்" என்றார் பொன்னம்பலவாணன். "தங்களிடம் அது வெறுமனே கிடக்கிறது. என்னிடம் வந்தால் தமிழ்ச் சமுதாயத்துக்கே பயன்படும்."

எத்திராஜுலு சிரித்தார். "இல்ல சார். ஏதோ எனக்குன்னு அது ஒண்ணு இருக்குது. இருந்துட்டுப் போவட்டும்."

பேச்சு அங்கே முடிந்திருக்க வேண்டும். சற்குணம் காபித் தம்ளரை ணங்கென்று வைத்தார்.

"எடுத்துடுங்க டாக்டர்."

"ஏய், என்னாடி?"

"அம்பது வருஷமா நான், இவரு, அந்த ஊரு, மூணு பேரா குடித்தனம் பண்றோம் டாக்டர். அந்தப் பாட்டு காதுல விழுந்தாப் போதும், நான் எதிர்ல நின்னாலும் என்னப் பாக்க மாட்டாரு. ஜன்னலப் பாப்பாரு. நான் சீமந்தத்துக்கு உக்காந்திருக்கேன், இவரு கொண்டாந்த டேப்ல பாடுது, இவரு ஜன்னலப் பாக்கறாரு. யாருன்னு கேட்டா யாரும் இல்லன்றாரு."

"யாரும் இல்லடி. எத்தினி தடவ சொல்றது? எந்தப் பொண்ணு அங்க என்னப் பாத்திச்சி? பல்லு விளக்கறதுக்குள்ள பஸ் வந்துடும்."

"அப்ப எதுக்கு ஏங்கறீங்க?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டனா? ஜப்பான்தான். வேற என்னா?"

"கேட்டீங்களா? அந்த ஜப்பான் ஏக்கத்த வேரோட எடுத்துடுங்க. இருக்கற கொஞ்ச நாளாவது எம் புருசன் எங்கூட பெரம்பூர்ல இருக்கட்டும்."

எத்திராஜுலு மனைவியைப் பார்த்தார். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, "அவளுக்கு அதுல நிம்மதின்னா எடுத்துக்குங்க. எனக்கு எதுக்கு இனிமே அது?" என்றார்.

சிகிச்சை ஒரு காலைப்பொழுதில் முடிந்தது. பல் பிடுங்குவதைவிடச் சுலபம் என்று டாக்டர் சொன்னதில் பொய்யில்லை.

முதல் சில நாட்கள் சற்குணத்துக்குத் திருவிழா. புதினாவைத் தானே போட்டுப் பார்த்தார். கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "டிரம்ஸ் நல்லா வாசிச்சிருக்கான்" என்றார். அவ்வளவுதான். ஜன்னல் ஜன்னலாக இருந்தது. சொல்லாமலே பீன்ஸ் நறுக்கினார். மாடியிலிருந்து துணி எடுத்துவந்து ஓரம் பிசகாமல் மடித்தார். பேசினால் முகத்தைப் பார்த்துக் கேட்டார். கீழ்வீட்டு அம்மாள், "உங்களுக்கு அமைஞ்ச மாதிரி யாருக்கு அமையும் டீச்சர்?" என்று பொறாமைப்பட்டார்.

பிறகு ஒருநாள் காபியை நீட்டி, "டீச்சர், சர்க்கரை போதுமா பாருங்க" என்றார் எத்திராஜுலு.

கிண்டல் என்று சற்குணம் சிரித்தார். மறுநாளும் டீச்சர்தான். அதற்கு மறுநாளும். 'வாடி, போடி, ஏய்' எல்லாம் எங்கோ இறங்கிப் போய்விட்டிருந்தன.

"என்னங்க இது, டீச்சர் டீச்சர்னு? நான் என்ன உங்களுக்குப் பாடமா எடுத்தேன்?"

"எல்லாரும் அப்படித்தான கூப்பிடறாங்க? வேற எப்படிக் கூப்பிடணும், சொல்லுங்க. அப்படியே கூப்பிடறேன்."

உண்மையாகவே கேட்டார். பதிலுக்காகக் காத்துக்கொண்டும் இருந்தார்.

படுக்கும்போது, "நான் கொறட்டை விடறேன், உங்களுக்குத் தொந்தரவு" என்று தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். ஒரு நல்ல விருந்தாளி நடந்துகொள்வது போலவே எல்லாவற்றிலும் நடந்துகொண்டார்.

மார்கழி விழாத் தொடக்க நாளுக்குச் சபா இருவருக்கும் முன்வரிசை அனுமதி அனுப்பியது. ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றின் மேலாளர் ஒகாவா சிறப்பு விருந்தினர். தமிழ் படித்த ஜப்பானியர். பாவம், வரவேற்புரை முழுதும் அவருக்குப் புரிந்தது. பொன்னம்பலவாணன் பட்டு வேட்டியோடு மேடை ஏறி, மணிக்கட்டில் வளையலை மாட்டிக்கொண்டார்.

"பெரியோர்களே! பல்லவியைக் கவனியுங்கள். 'அனாதா கா இனை.' அம்மாள் யாரைப் பாடுகிறார்? அனாதையை! எதைத் தருகிறார்? இணையை! அனாதைக்கும் ஓர் இணை உண்டு என்கிற தமிழ் நெஞ்சம் கடல் கடந்து..."

ஒகாவா கையைத் தூக்கினார். "மன்னிக்கவும். அனாதா என்றால் நீ. இனை என்றால் இல்லை. 'நீ இல்லை' என்று பாடுகிறார். அவ்வளவுதான்."

அரங்கில் யாரோ, "ஏழுமலை!" என்று குரல் கொடுத்தார்.

பொன்னம்பலவாணன் சைகை காட்டினார். புதினா எழுந்தது. இரண்டாவது வரியிலேயே அவர் தோள் குலுங்கியது. திரை 40 என்றது, 70 என்றது, 98-ல் நின்றது. லிஃப்ட் கம்பெனி முதலாளி மைக்கைப் பிடித்துக்கொண்டு, ஊர் பார்க்க, மூக்கு ஒழுக அழுதார். மேடைத் தமிழ் எங்கோ போய்விட்டிருந்தது.

"தெருமுனைல நிக்கறா... மஞ்ச வாயில் பொடவ... டாக்ஸில எடமில்லன்னுட்டாங்க... செருப்பு அறுந்து ஒண்ணக் கைல புடிச்சிருக்கா... போய்ட்டு வாங்கன்னுகூடச் சொல்லல..."

ரசிகர்கள் மெய்மறந்து நின்றார்கள். அது ஏதோ டோக்கியோத் தெருமுனை என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

சற்குணத்துக்கு மட்டும் அது எந்த முனை என்று தெரிந்தது. 1985. கல்யாணமாகி மாதம்கூட முடியவில்லை. விமான நிலையத்துக்கு டாக்ஸி வந்தது. மாமனார், மாமியார், நாத்தனார், பெரிய மாமா எல்லோரும் ஏறியபின் புது மருமகளுக்கு இடமில்லை. வண்டியின் பின்னால் முனை வரைக்கும் ஓடினாள். ஓடியதில் செருப்பு வார் அறுந்தது.

பக்கத்தில் திரும்பினார். எத்திராஜுலு நிகழ்ச்சி நிரலால் விசிறிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, அவரு சொல்றது கேட்டுச்சா? அது நாந்தாங்க."

"ஆமா டீச்சர், ஞாபகம் இருக்கு. பிராட்வே டாக்ஸி." கொஞ்சம் யோசித்து, அக்கறையோடு சேர்த்தார்: "ஏசி உங்களுக்குக் குளிருதா?"

மறுநாளே சற்குணம் டாக்டர் பிலோமினாவின் அறையில் இருந்தார்.

"வேர்ல கொஞ்சம் மண்ணு ஒட்டிட்டு வரும் மேடம்" என்றார் டாக்டர். "காட்சி வர்றது சகஜம். ஆனா இந்தக் காட்சிய நாங்களும் எதிர்பாக்கல. பாட்டப் போட்டோம், எந்த எடம் கனக்குதுன்னு பாத்தோம், அத எடுத்தோம். ஜப்பான் ஏக்கம்னீங்க. அவரும் அப்படித்தான் சொன்னார்."

"அப்ப ஜப்பான்ல அவரு எதுக்கு ஏங்கினாராம்?"

"பாஷ தெரியாத ஊர்ல குளிருக்குள்ள ஒரு புள்ள அடைஞ்சு கெடக்கு. ரேடியோல ஒரு பொம்பள 'இணை, இணை'ன்னு தமிழ்ல கூப்பிடற மாதிரி காதுல விழுது. யார நெனைப்பார்? உங்களத்தான். வருஷம் ஆக ஆக அவருக்கே மறந்துபோச்சு. பாட்டு ஜப்பான்ல கேட்டது, அதனால ஏக்கமும் ஜப்பானுக்குத்தான்னு நெனச்சுட்டார். உங்க வீட்ல எல்லாரும் அப்படியே நெனச்சுட்டீங்க."

ஜப்பான் ஏக்கம். சற்குணம் முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிக் கற்பித்த வேற்றுமைத்தொகை. ஜப்பானுக்கு ஏங்கினால் நான்காம் வேற்றுமை. ஜப்பானில் ஏங்கினால் ஏழாம் வேற்றுமை. உருபு மறைந்து நிற்கும்போது விரித்துப் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும் என்று எத்தனை பிள்ளைகளை பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறார். தன் வாயால், தன் கூடத்தில், காபி கொடுத்துக்கொண்டே விரிக்காமல் சொன்னார்.

"திருப்பி வெச்சிடுங்க."

"அவருக்கு முடியாது. பிடுங்கின எடத்துல தழும்பு விழுந்துடும். அங்க மறுபடி நட்டா புடிக்காது. வேற மூளைலதான் புடிக்கும்."

"ஒரு பாட்டோட கனத்த எடுத்தா முழு மனுசனுமா போவாரு?"

டாக்டர் மேஜையைப் பார்த்தார். "அதுதான் ஆணிவேர்னு எங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?"

சற்குணம் அங்கிருந்து அடையாறுக்குப் போனார். எதற்கு என்று தெளிவாகச் சொல்லத் தெரியாது. தன்னை அப்படி நினைக்கிற முகத்தை ஒருதரம் நேரில் பார்க்க வேண்டும் போலிருந்தது. பொன்னம்பலவாணன் சபா அறையில் வளையலைக் கழற்றாமல், மெல்லிய ஒலியில் புதினாவைக் கேட்டுக் கண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தார். சுவர்த் திரையில் எண் 97.

"சார், அந்த மஞ்சப் பொடவ நாந்தான்."

அவர் நிமிர்ந்தார். எதிரே நரைத்த கொண்டை, மூக்குக்கண்ணாடி, கையில் மருந்துப் பை. எண் 97-லிருந்து 60-க்கு வந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உற்றுப் பார்க்கப் பார்க்க 31 ஆயிற்று, 9 ஆயிற்று. அவர் திடுக்கிட்டு எழுந்தார்.

"அம்மா, தாயே, அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க!"

"நான்..."

"நீங்கதான், நம்பறேன். அதான் கஷ்டமே! நீங்க எதிர்ல இருந்தா ஏக்கம் எங்கேர்ந்து வரும்? ஒரு ஏக்கம்னா அதுக்குரிய ஆள் இல்லாம இருக்கணும். இது சாதாரண விஷயமா? நாளைக்கு எனக்குத் தனி நிகழ்ச்சி இருக்கு." வாசல் காவலாளியைக் கூப்பிட்டார். குரல் மறுபடி மேடைக்கு ஏறியது. "இந்த அம்மையார் இனி வளாகத்துக்குள் வராமல் பார்த்துக்கொள். கலைக்குக் கெடுதல்."

கதவு மூடியபின் உள்ளே பாட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. சில விநாடிகளில் விசும்பலும் கேட்டது.

அந்த வருடம் பொன்னம்பலவாணனுக்கு 'ஏக்கப் பேரொளி' பட்டம் கிடைத்தது. எதிர்க்கோஷ்டி சரணடைந்து கேன்டீன் ஒப்பந்தத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டது. பெரம்பூரில் எத்திராஜுலு மனைவியின் மூட்டு வலிக்கு மருந்து வாங்கிவந்தார், நாள் தவறாமல். மஞ்சள் புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு சற்குணம் எதிரே வந்து நின்ற அன்று, "இந்தக் கலர் உங்களுக்கு நல்லா இருக்கு" என்றார். கடைக்காரர்களும் அப்படித்தான் சொல்வார்கள்.

அடுத்த கார்த்திகையில் டாக்டர் பிலோமினா போன் செய்தார்.

"மேடம், இந்த வருஷம் சபால ஜப்பான் இல்ல. பல்கேரியா. எழுபதுகள்ல அங்க கல்யாணத்துல பாடின பாட்டாம். செயலாளர் புதுசு நட்டுக்க வந்தார். ஒரே ஆளு ரெண்டு தாங்க மாட்டார்னு பழச, உங்க வீட்டத, எடுத்துட்டோம்."

"எடுத்து?"

"சும்மா வெச்சிருந்தா வாடிடும். யாரும் கேக்கலன்னா கொட்டிடறது வழக்கம். ஜப்பான இப்ப யாரு கேக்கறாங்க? கொட்டறதுக்கு முன்னாடி உங்கள ஒரு வார்த்த கேக்கலாம்னு தோணுச்சு."

சற்குணம் கூடத்தைப் பார்த்தார். கணவர் ஏணி போட்டு மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவருக்குத்தான் புடிக்காதுன்னீங்க."

"ஆமா. வேற யாராவது..."

"எனக்குப் புடிக்குமா?"

"புடிக்கும்" என்றார் டாக்டர். "ஆனா மேடம், அது உங்கள நெனச்சு ஏங்கறது. அத உங்ககிட்டயே நட்டா..."

"நீங்க எப்ப வரச் சொல்றீங்க?"

எத்திராஜுலுதான் ஆட்டோவில் கூட்டிப்போய், வெளியே பெஞ்சில் காத்திருந்து, கூட்டிவந்தார். எதற்கு என்று கேட்கவில்லை. அடுத்தவர் மருத்துவ விஷயத்தில் மூக்கை நுழைப்பது மரியாதையல்ல என்பது அவர் எண்ணம்.

மறுநாள் காலை, சமையல் முடிந்த வேளையில் சற்குணம் ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பாட்டை வைத்தார். முன்னிசை போயிற்று. அந்தப் பெண் பாடத் தொடங்கினாள். பல்லவி வருவதற்குள்ளாகவே நெஞ்சில் ஒன்று ஏறி உட்கார்ந்தது.

டாக்ஸியின் பின் கண்ணாடி. அதில் தூசு. மாமியாரின் தோளுக்கு மேலாகத் தெரு பின்னால் போகிறது. முனையில் ஒரு பெண். அன்று அங்கே நின்றவள் சற்குணம். வண்டிக்குள்ளிருந்து அந்தத் தெருமுனையை அவள் இதுவரை பார்த்ததில்லை. எவ்வளவு சின்னப் பெண். எவ்வளவு மஞ்சள். இறங்கி ஓடிப்போய் அவள் கையிலிருக்கும் செருப்பை வாங்கிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. வண்டி நிற்கவில்லை.

எத்திராஜுலு கையில் தண்ணீர்த் தம்ளரோடு வந்தவர், சற்குணம் அழுவதைக் கண்டு தயங்கி நின்றார். வீட்டுக்காரர் அழும்போது விருந்தாளிகள் நிற்பது போல.

"என்ன டீச்சர், யாரையாச்சும் நெனச்சுக்கிட்டீங்களா?"

"ஒரு பொண்ண."

"சொந்தமா?"

"இந்தத் தெருப் பொண்ணுதான். ரொம்ப நாள் முன்னாடி இருந்தா."

"எனக்குத் தெரியுமா அவங்கள?"

சற்குணம் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இல்ல சார்" என்றார். "உங்களுக்குத் தெரியாது."

"பாவம்" என்றார் எத்திராஜுலு மனதார. தண்ணீரை அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தார். தொந்தரவாக இருக்கக் கூடாதே என்று, போகும்போது கதவை ஓசைப்படாமல் சாத்திக்கொண்டு போனார்.